தண்ணீர் கேட்கும்போது தரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி நகர்மன்றத் தலைவர்களுக்கும், ஓசூர் மாநகராட்சி மேயருக்கும், மூன்று மன்றங்களின் உறுப்பினர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கட்சியிலும் இல்லை. ஊருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சென்னைக்குப் போய்க் கேட்கிறீர்கள். அமைச்சர்களிடம் மனு கொடுக்கிறீர்கள், மானியக் கோரிக்கை சமயத்தில் சட்டமன்ற உறுப்பினர் மூலமாகவும் சொல்லி அனுப்புகிறீர்கள். அந்த மனுக்களில் தண்ணீர் எப்போதும் உண்டு. ஆனால் நம் மூன்று ஊர்களும் இவ்வளவு காலமாகக் கேட்டுவருவது தண்ணீரின் அளவை மட்டும்தான். இத்தனை லட்சம் லிட்டர் வேண்டும், இத்தனை புதுத் தொட்டி வேண்டும், இத்தனை டி.எம்.சி. திருப்பிவிட வேண்டும் என்கிறோம். வருகிற தண்ணீர் எப்படிப்பட்டது, அதை யார் சோதிக்கிறார்கள், முடிவை யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை. இனி மாநில அரசிடம் போகும்போது தரத்தை முதலில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரின் தரம் கெட்டால் என்ன ஆகும் என்பதை நம் பகுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாகக் கறை. விளக்கினால் போகாத கறை. நாற்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு முட்டி மடங்காது, கழுத்து திரும்பாது. காரணம் நம் பாறை. இங்குள்ள கருங்கல் பாறைகளிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் பாறையோடு கூடுதல் காலம் தங்கியிருக்கும், அதனால் பெரும்பாலும் அளவும் கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும், குடித்தாலும் நாக்குக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. சுண்டச் சுண்டச் செறிவு இன்னும் ஏறும்.

இதற்குத் தீர்வாகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, சுமார் 1,929 கோடி ரூபாய் செலவில், 2013இல் தொடங்கி வைத்தார்கள். அதன் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பு என்பதும் இருக்கிறது. வறட்சிக்காக மட்டும் போட்ட திட்டம் இல்லை அது. பல்லையும் எலும்பையும் காப்பாற்றப் போட்ட திட்டம். அதன் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் பல தெருக்களில் முடிந்துபோனது இந்தத் திட்டத்தால்தான்.

இருந்தும் நடைமுறையில் ஒரு விஷயம் நடக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். ஒகேனக்கல் தண்ணீர் போதவில்லை என்றால், அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். குழாயில் வருவது இரண்டும் சேர்ந்த தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்று நம்பி, தாய்மார்கள் அதையே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள், அதிலேயே சோறு வடிக்கிறார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தது, கலந்த பிறகு புளோரைடு எத்தனை என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கலப்பது தப்பே என்று நான் சொல்லவில்லை. தண்ணீரே இல்லாத நாளில் வேறு வழியும் இருக்காது. ஆனால் கலந்ததைச் சொல்லாமல் விடுவது தப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாய், புழங்க ஒரு குழாய் என்று பிரித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. பிரிக்கப் பணம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொட்டியைக் கழுவிய தேதியைச் சுவரில் எழுதும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புளோரைடு அளவையும், சோதித்த தேதியையும் எழுதச் சொல்லி மாநிலம் முழுவதற்கும் ஒரு அரசாணை வாங்குங்கள். இதற்குக் கோடிகள் தேவையில்லை. இன்னொன்றும் கேளுங்கள். பல்லில் கறை விழுவது எட்டு வயதுக்குள் உடம்பில் சேர்ந்த புளோரைடால். எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதே அது நடந்துவிடுகிறது. அப்படியென்றால் 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பல்தான் இந்தத் திட்டத்தின் மதிப்பெண் பட்டியல். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பற்களை வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக அரசு மருத்துவர்களைக் கொண்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நல்ல தண்ணீர் போய்ச் சேர்ந்தது, எங்கே கலப்புத் தண்ணீர் போனது என்பது தெருக்கணக்கில் தெரிந்துவிடும். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குப் பெரிய தொகை ஒதுக்குவது பற்றிப் பேசுகிற நேரத்தில், முதல் கட்டம் சாதித்ததையும் விட்டதையும் அளக்காமல் அடுத்த குழாயைப் பதிப்பது சரியா?

அடுத்து ஆறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓசூர் பக்கம் தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் நுரை மலைபோல் பொங்கி வயலில் விழுவதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். நாலு நாள் பேசுகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். நுரை வருவது சோப்புத்தூள் போன்றவற்றில் இருக்கும் ரசாயனத்தால்; தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. நுரை தெரியாத நாளில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் பகுதிக் கழிவை வாங்கிக்கொண்டுதான் கொடியாளம் வழியாக நம் எல்லைக்குள் வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நுரை பறந்ததை நாடே பார்த்தது. அந்த ஏரிகளின் வழிந்த நீர் நமக்குத்தான் வருகிறது.

காவிரிக்கும் இதே கதைதான், அதைப் பலர் கவனிப்பதில்லை. பெங்களூருவின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் கலக்கிறது. அந்த இடம் ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கிறது. அதாவது நாம் விவசாயத்துக்கு நம்பியிருக்கும் ஆறும், குடிக்க நம்பியிருக்கும் ஆறும், ஒரே நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு நம்மிடம் வருகின்றன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கர்நாடக எல்லையில் நீர்வரத்தை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று அளவைத் தெளிவாகச் சொன்னது. அங்கே எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்பது அன்றாடம் செய்தியில் வருகிறது. அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது வருவதில்லை. பிலிகுண்டுலுவிலும் கொடியாளத்திலும் எடுக்கும் தர அளவுகளையும் நீர்வரத்தைப் போலவே அன்றாடம் வெளியிட வேண்டும் என்று மாநில அரசு வழியாக மத்திய அரசிடம் கேட்க வைக்க வேண்டியது நீங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அளவுக்காகப் போராடுவது நியாயம். ஆறு தமிழகத்துக்குள் நுழையும் முதல் ஊர்க்காரர்களான நாம் தரத்துக்காகப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

குளிக்கத் தகுந்த ஆறு என்றால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இருமத்தூரிலும் அனுமன்தீர்த்தத்திலும் குடும்பம் குடும்பமாக வந்து முழுகுகிறார்கள். அன்றைய தேதிக்கு அந்த அளவு என்ன என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால், மக்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இதைச் சொல்லும்போது ஓசூர் உறுப்பினர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. பெங்களூருவைக் குறை சொல்ல நமக்குத் தகுதி வேண்டுமென்றால், நம் கழிவை நாம் ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும். ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. தொழிற்சாலைகள் வருகின்றன, அடுக்குமாடிகள் எழும்புகின்றன, ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் தண்ணீர் வராத தெருக்கள் இருக்கின்றன. அதே ஊரின் சாக்கடை ஏரிகளில் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, குழாய் வழியாகத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. அதே ஏற்பாட்டை ஓசூருக்குக் கேளுங்கள். தொழிற்சாலைகளின் தேவையைக் கழிவுநீரே பெருமளவு ஈடுகட்டினால், ஒகேனக்கல் தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும், ஆற்றில் இறங்கும் சாக்கடையும் குறையும். புதிய தொழிற்பேட்டைக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த ஊரின் சுத்திகரிப்பு நிலையம் ஓட வேண்டும் என்பதை மாநிலக் கொள்கையாகவே ஆக்கக் கேட்கலாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. நம் ஊரின் நடுவே போகும் சனத்குமார நதி இன்று எப்படி இருக்கிறது என்பதைத் தருமபுரி உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கால்வாய்த் திட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எண்ணேகொல்புதூர் தடுப்பணையிலிருந்து பெண்ணைத் தண்ணீரைத் தருமபுரி மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும், ஒகேனக்கல்லிலிருந்து காவிரி உபரிநீரை ஏற்றி ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பவை நம் விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கைகள். எனக்கும் அவை வேண்டும். காய்ந்த ஏரியைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஏரியில் விட்ட தண்ணீர் ஏரியோடு நிற்காது. மண்ணுக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளுக்கும் போர்களுக்கும் போகும். கழிவு கலந்த ஆற்றை அப்படியே திருப்பினால், புளோரைடு இருக்கிற நிலத்தடி நீரில் இன்னொரு கெடுதலையும் நாமே செலவு செய்து சேர்ப்போம். பக்கத்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரை 2018 முதல் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரின் தரம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அனுபவம் நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. கால்வாய் வெட்டும் வேலையோடு சேர்த்தே, தலைமதகில் தரம் பார்க்கும் கருவியும், தரம் கெட்டால் மதகை மூடும் விதியும் வேண்டும் என்று கேளுங்கள். வெள்ளக் காலத்தில், கழிவின் செறிவு குறைந்திருக்கும்போது மட்டும் எடுப்பது ஒரு வழி. அதைப் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். கேள்வியை எழுப்ப வேண்டியது நாம்.

ஏரிகளுக்கு வருவோம். தருமபுரி ராமாக்காள் ஏரியில் ஆகாயத்தாமரையை அகற்றச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பழைய ஏற்பாடு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்துக்கு அது சரி. இன்று நகரத்துக்குள் இருக்கும் ஏரிகளின் ஆயக்கட்டு மனையாகிவிட்டது. பாசனம் இல்லாத ஏரியைப் பாசனத் துறை கவனிப்பதில்லை, ஏரிக்குள் சாக்கடை விடும் நகராட்சிக்கு அந்த ஏரி சொந்தமும் இல்லை. 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கு மட்டுமே பொருந்தும். சின்ன ஏரிகளும் குளங்களும் குட்டைகளும் அதன் வெளியே நிற்கின்றன. அந்தச் சட்டத்தைத் திருத்தி எல்லா நீர்நிலைகளையும் உள்ளே கொண்டுவர வேண்டும். நகர எல்லைக்குள் இருக்கும் ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பையும், அதற்கான பணத்தையும், ஊழியரையும் சேர்த்து உங்கள் மன்றங்களுக்குத் தர வேண்டும். பொறுப்பை மட்டும் கொடுத்துப் பணத்தைக் கொடுக்காவிட்டால் வாங்காதீர்கள்.

ஏரியை விட வரத்துக் கால்வாய் முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் பகுதிக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 85 சென்டிமீட்டர் அளவுதான். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். அப்படி மழை பெய்யும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஏரி நிரம்பிக் கோடி போனால் (வழிந்தால்) தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது பழைய வருவாய் வரைபடத்தில் இருக்கிறது. அந்த வழியில் இன்று கடை இருக்கிறதா, கல்யாண மண்டபம் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தன் வார்டில் நடந்து பார்த்தாலே போதும்.

நிலத்தடி நீருக்கு நம் மாநிலத்தில் 2003இல் ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறையில் பயன் தராமலேயே 2013இல் அதை நீக்கினார்கள். அதன்பின் முழுமையான சட்டம் இன்னும் வரவில்லை. அதே 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு மட்டும் மக்கள் மனதில் நின்றது, ஆனால் பல வீடுகளில் அந்தக் குழி தூர்ந்துவிட்டது. புளோரைடு மாவட்டங்களில் மழைநீர் இறங்குவது போர் தண்ணீரின் செறிவைக் குறைக்கவும் உதவும் என்பதால் நமக்கு அது இரட்டைப் பலன். வீட்டு வரி வசூலிக்க வரும்போதே குழியையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

நகராட்சிக்கு இவ்வளவு பேச இடம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்கள் இருக்கின்றன. குடிநீர் வழங்கல், சுகாதாரம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மூன்றும் அதில் உண்டு. ஆனால் ஒகேனக்கல் குழாய் குடிநீர் வடிகால் வாரியத்திடம், ஆறு நீர்வளத் துறையிடம், மாசு பற்றிய கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. குழாயில் நாற்றம் வந்தால் மக்கள் வருவது மட்டும் உங்கள் வீட்டு வாசலுக்கு. கேள்வி கேட்பவர்கள் உங்களிடம் வருகிறார்கள் என்றால், பதில் சொல்லத் தேவையான தகவலும் அதிகாரமும் உங்களிடம் வர வேண்டும். அந்த மூன்று துறைகளும் நம் ஊர்களைப் பற்றி வைத்திருக்கும் தர அறிக்கைகளை மாதம் ஒருமுறை உங்கள் மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று சட்டமாகவே கேளுங்கள்.

தனித்தனியாகக் கேட்டால் நடக்காது. தருமபுரி ஒரு மனு, கிருஷ்ணகிரி ஒரு மனு, ஓசூர் ஒரு மனு என்று போவதால்தான் ஒவ்வொன்றும் ஒரு கோப்பில் போய்ப் படுத்துவிடுகிறது. 2004இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, ஆறு பிரியவில்லை. நம் கழிவு கீழே சாத்தனூர் அணைக்குத்தான் போகிறது. மூன்று மன்றங்களும் ஒரே வாசகத்தில் ஒரே வாரத்தில் தீர்மானம் போட்டு, கட்சி பார்க்காமல் ஒன்றாகப் போய் நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சரையும் நீர்வளத் துறை அமைச்சரையும் பாருங்கள். நம் பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. புளோரைடு சோதிக்கும் களக் கருவிப்பெட்டி விலை அதிகமானது இல்லை. பாட்டிலில் தண்ணீர் எடுத்து, வினைப்பொருள் விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாலேயே முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் வார்டு வாரியாகப் பொறுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறோம். பள்ளி அறிவியல் மன்றங்களோடு சேர்ந்து, நகராட்சித் தொட்டி ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு மாதிரி எடுக்கிறோம். அளவு 1.5ஐத் தாண்டிய மாதிரிகளை மட்டும் அரசு ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யும் ஏற்பாட்டை நீங்கள் செய்ய வேண்டும். அதற்கான அனுமதிக் கடிதத்தையும், தொட்டிகளின் பட்டியலையும் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்துவிட்டால், அதற்கு அடுத்த மாதமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
தருமபுரி